அமரர் ஊர்திக்கு மூன்று விலைமனுக்கள்

சீதேவி கண்மூடிய நாளில் அவளுடைய புருஷன் நல்லரத்தினம் ஒன்பது இடத்தில் கையெழுத்து வைத்தார். ஆஸ்பத்திரியில் ஒன்று, மற்ற எட்டும் சபையில்.

சபை என்றால் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னப் பிரதேச சபை. அதன் பெயர் நமக்கு வேண்டாம். அந்தச் சபைக்குச் சொந்தமாக ஒரு அமரர் ஊர்தி இருந்தது. பழைய வான் ஒன்றை வாங்கி, வெள்ளைப் பூச்சடித்து, பக்கத்துக்கு ஒரு கண்ணாடி வைத்து, போன வருடம் திறப்புவிழா நடத்தினார்கள். முதல் விழாவில் எடுத்த படங்கள் தெளிவில்லை என்று மறு கிழமை இன்னொரு முறையும் திறந்தார்கள். வண்டியின் வலப்பக்கத்தில் 'நிம்மதியான இறுதிப் பயணம்' என்று எழுதி, அதற்குக் கீழே சபைத் தலைவரான தவிசாளரின் சிரித்த முகத்தை வரைந்திருந்தார்கள். எழுத்தை விட முகம் பெரிது.

நல்லரத்தினத்துக்கு அறுபத்திரண்டு வயது. கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், போனால் அவருடைய ஊர். ஒன்றரை ஏக்கர் வயல், நாலு மாடு, ஒரே மகள். மகள் தக்ஷாயினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போனதிலிருந்து மருந்துச் செலவுக்காகப் போனவள்தான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் மிச்சம். விடியப்புறம் செய்தி போனதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவள் 'மடம்' என்று சொல்லும் வீட்டுக்கார அம்மா கடைசியில் மனமிரங்கி, வேலை நேரத்தில் அரை மணித்தியாலம் போன் தரச் சம்மதித்தாளாம். இலங்கை நேரம் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை.

"அந்த நேரத்துக்கு அம்மாவ ஊட்டுக்குக் கொண்டுவந்திருவீங்கதானே அப்பா?"

"பன்னிரண்டரைக்கே வந்திருவம் மகள். நீ யோசிக்காத."

உடம்புக்கு மருந்து ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருக்க அவருக்கு வசதி இல்லை. ஆகவே பின்னேரத்துக்குள் அடக்கம் என்று முடிவானது. அவருடைய தங்கை கண்ணகை ஆஸ்பத்திரிக்கு வந்து சீதேவிக்குச் சீலை உடுத்தி, தலை வாரிவிட்டு, வீட்டைத் தயார்படுத்த ஓட்டோவில் முன்னால் போய்விட்டாள். இரண்டு மணிக்குப் போனைப் பிடித்து எல்லாம் காட்டும் பொறுப்பைக் கண்ணகையின் மகள் தனுஷா ஏற்றுக்கொண்டாள். நல்லரத்தினத்துக்குப் பச்சைப் பொத்தானை அமத்தினால் சத்தம் வரும், சிவப்பை அமத்தினால் போகும் என்பது வரைக்கும்தான் தெரியும்.

ஊர்தி ஆஸ்பத்திரியிலிருந்து பதினொன்றரைக்குப் புறப்பட்டது. சாரதி அருமைநாயகம் ஐம்பது தாண்டியவர், மெல்லப் பேசுகிறவர். பெட்டியை ஏற்றிய பிறகு பின்கதவைப் பூட்டி, பூட்டின் மேல் சபையின் முத்திரைக் கடதாசியை ஒட்டினார்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"சுற்றுநிருபம் அண்ணன், சபைர உத்தரவு. முந்தி ஒரு இடத்துல பொணப்பெட்டிக்குள்ள முதிர மரப் பலக கடத்தின எண்டு புடிச்சவங்களாம். அதில இருந்து, ஏத்தினாப் பூட்டணும். போய்ச் சேருற இடத்தில ஊராக்கள் நாலு பேருக்கு முன்னால தான் திறக்கலாம்."

நல்லரத்தினம் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். பெட்டியின் மூடி தெரிந்தது. அதற்குள் இருப்பது பலகை இல்லை என்பது தனக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது என்று நினைத்து, அதையும் நியாயம் என்றே ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கந்தோர்களுக்குப் பணிந்து பழகிய மனிதர்.

நாவற்குடா கழிந்தது, காத்தான்குடி கழிந்தது. மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே அருமைநாயகம் முன்னால் சூடு காட்டும் சின்ன முள்ளை அடிக்கடி பார்த்தார். முள் சிவப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டி, வாவி ஒரு பக்கமும் வயல் வட்டை ஒரு பக்கமுமாக விரியும் இடத்தில், முன்னாலிருந்து வெள்ளை ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. வண்டி இரண்டு தரம் குலுங்கி, ரோட்டோரத்து மருத மரத்துக்குக் கீழே போய் நின்றது. ஆவணி வெயில். வட்டையில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது.

அருமைநாயகம் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கொதிச்சித்து அண்ணன். தண்ணி முழுக்க வெளியால போயித்து."

"தண்ணிதானே தம்பி? அந்தா வாய்க்கால் ஓடுது. நான் அள்ளித்து வாறன்."

"ஊத்த ஏலா அண்ணன்."

"ஏன்?"

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருடத்துக்கு முன் சபையின் தண்ணீர் பவுசர் வண்டி இப்படித்தான் ஒரு நாள் கொதித்து நின்றது. சாரதி பொறுக்காமல் தண்ணீர் ஊற்றினான். எஞ்சின் வெடித்தது தண்ணீரால் தான் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்து, நாற்பத்தொரு மாதத்துக்குச் சம்பளத்தில் வெட்ட உத்தரவிட்டது. கொதித்த வண்டியைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிடும்வரை எவரும் தொடக்கூடாது என்ற சுற்றுநிருபமும் அன்றுதான் பிறந்தது.

"அந்தச் சாரதி யார் தம்பி?"

"நான்தான் அண்ணன். இன்னும் நாலு மாசம் இரிக்கி."

அவர் சபைக்கு அழைத்தார். உத்தியோகத்தர் வருகிறார் என்றார்கள். மணி பன்னிரண்டே கால்.

உத்தியோகத்தர் வருமுன் முனாப் வந்தார். காத்தான்குடி ஆள். வட்டைக்குள் நெல் வெட்டும் மிஷின் ஒன்றைத் திருத்திக் கொடுத்துவிட்டு, சாமான் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனவர், அமரர் ஊர்தி நிற்பதைக் கண்டு இறங்கினார். கண்ணாடிக்குள் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆரு அண்ணன்?" என்று கேட்டார்.

"என்ட பொஞ்சாதி."

முனாப் எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டார்.

"தண்ணி போற ஹோஸ்தான் வெடிச்சிரிக்கி. ரெண்டு விரல் நீளம். வேற ஒண்டும் இல்ல. பழைய டியூப் வெட்டிச் சுத்தி, ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினா பத்து நிமிசம். ஆறவெச்சித்துத் தண்ணிய உட்டா, இவவ ஊட்ட சேர்த்துப்போட்டு சபைக்கும் போய்ச் சேரும்."

அவர் சாமான் பெட்டியைத் திறந்து டியூப்பை வெட்டவே தொடங்கிவிட்டார். அருமைநாயகம் தடுக்கவுமில்லை, தொடவுமில்லை. அந்த நேரம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிலோஜன் வந்து சேர்ந்தார். வேலைக்கு வந்து பதினொரு மாதமான பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வந்ததும் சீதேவியின் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு முனாப்பிடம் திரும்பினார்.

"நீங்க சபையில பதிவு செய்த வழங்குனரா?"

"நான் முனாப்."

"பதிவு இலக்கம்?"

"மிஷின் முனாப் எண்டா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும் தம்பி."

"அப்படியெண்டா நீங்க தொட ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"காசு வாணாம். மவுத்தானவங்க போற வண்டிக்கு நான் காசு எடுப்பனா? சும்மா செஞ்சி தாறன்."

நிலோஜனின் முகத்தில் உண்மையான கவலை படர்ந்தது. "சும்மா செய்யிறது இன்னும் கஷ்டம். அது நன்கொடை. நன்கொடையை ஏற்கிறதுக்குச் சபைத் தீர்மானம் வேணும். அடுத்த கூட்டம் பத்தொன்பதாந் திகதி."

அன்றைக்கு ஏழாந்திகதி.

"தம்பி," என்றார் நல்லரத்தினம், "ரெண்டு மணிக்கு மகள் குவைத்தில இருந்து எடுப்பாள். தாயக் காட்டணும்."

"எனக்கு விளங்குது ஐயா. அதுதான் அவசரப் பெறுகை நடைமுறைக்குப் போகப்போறன். சாதாரண நடைமுறை எண்டா ஆறு கிழமை. அவசர நடைமுறையில மூண்டு விலைமனு எடுத்தாப் போதும்."

அவர் போனை எடுத்து மூடிக்குள்ளிருந்து எழும்பும் ஆவியைப் படமெடுத்தார். பதிவு செய்த மூன்று கராஜ்களுக்கும் அந்தப் படத்தை அனுப்பினார். கராஜ்களும் அவசரத்தை உணர்ந்தவைதான். அரை மணித்தியாலத்தில் மூன்று விலையும் வந்துவிட்டன.

முதல் கராஜ், ஆவியின் அடர்த்தியைக் கொண்டு பார்க்கையில் ரேடியேற்றரை முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் கேட்டது. இரண்டாவது, ஆவி எழும்பும் திசையைப் பார்த்தால் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்திருக்கிறது, நாலு லட்சத்து அறுபதாயிரம் என்றது. மூன்றாவது கராஜ் முழு எஞ்சினையும் மாற்றச் சொன்னது. பதினொரு லட்சத்து எழுபத்தையாயிரம். பிணம் ஏற்றும் வண்டி என்பதால் புது எஞ்சினுக்குத் தோஷம் கழிக்கும் செலவும் அதற்குள் அடக்கம்.

முனாப் அந்தத் தொகைகளைக் கேட்டு, கையிலிருந்த டியூப் துண்டைப் பார்த்தார்.

"தம்பி, நானும் விலை தாறன். எழுதிக்க. சைபர்."

நிலோஜன் முயன்று பார்த்தார். படிவத்தில் 'விலை' என்ற கட்டத்தில் சைபர் போட்டால் கூட்டுத்தொகை, வரி, பிணைத்தொகை எல்லாம் சைபராகிறது. "இல்ல முனாப் காக்கா. சைபருக்கு நூற்றுக்குப் பத்து எவ்வளவெண்டு கீழ எழுதணும். படிவம் ஏற்காது."

விலைமனுக்களைத் தவிசாளர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். அவை போனில் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தன. ஆனாலும் முறைப்படி திறக்க வேண்டும். ஒரு மணி இருபதுக்குத் தவிசாளரும் செயலாளர் அம்மாவும் டபிள் கெப் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். கெப்பின் கதவு திறந்தபோது குளிர்காற்று வந்து நல்லரத்தினத்தின் காலில் பட்டது. பின்பக்கம் வெறுமையாக நீளமாகக் கிடந்தது. பெட்டி தாராளமாகக் கொள்ளும்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கன். இதுல ஏத்தித்துப் போவமா? அஞ்சாறு கட்டதான்."

தவிசாளர் அவருடைய தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார்.

"உங்கள் துயரம் என் துயரம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்த வாகனம் மக்கள் பிரதிநிதிகளுக்கு மட்டும் என்று வழங்கப்பட்டது. இதில் அமரர் ஒருவர் ஏறினால், பிறகு நான் ஏறும்போது மக்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த வருடம் தேர்தல் வேறு. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. மக்களுக்கு இருக்கிறது. மக்களின் நம்பிக்கையை நான் மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பது?"

நல்லரத்தினம் போய் ஊர்தியின் பின்கதவருகே நின்றுகொண்டார். உள்ளே என்ன சூடாக இருக்குமோ என்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. தலைத்துண்டை எடுத்து, வெயில் விழும் பக்கத்துக் கண்ணாடியின் மேல் விரித்துப் பிடித்தார். மற்றப் பக்கம் மரநிழல் இருந்தது. துண்டு சின்னது. முகம் இருக்கும் இடத்தை மறைத்தால் கால்பக்கம் வெயில் விழுந்தது. கொஞ்ச நேரம் முகத்துக்குப் பிடித்தார், கொஞ்ச நேரம் காலுக்குப் பிடித்தார்.

அவசரப் பெறுகைக் குழு மருத மர நிழலில் கூடியது. தவிசாளர் தலைவர், செயலாளர் அம்மா உறுப்பினர், நிலோஜன் தொழில்நுட்பம். எழுதுவதற்கு மேசை இல்லை. முன்மூடியில் வைத்தால் சூடு. செயலாளர் அம்மா கடதாசிக் கோவையைக் கொண்டுவந்து, பின்கண்ணாடியின் அடிவிளிம்பில் சாய்த்து வைத்து எழுதத் தொடங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீதேவியின் தலைமாடு.

"அம்மா," என்றார் நல்லரத்தினம். "அதுல வைக்காதீங்க."

செயலாளர் அம்மா திடுக்கிட்டுக் கோவையை எடுத்தார். பிறகு, நடுக்கமில்லாத குரலில், "பயனாளியின் ஆட்சேபம் பதிவு செய்யப்படுகிறது," என்று எழுதிக்கொண்டார்.

கூட்டம் இரங்கல் தீர்மானத்துடன் ஆரம்பமானது. இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடமும் அருமைநாயகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தவிசாளர் பேசினார். மரத்துக்குக் கீழே நின்றவர்கள் ஆறு பேர். ஆனாலும் அவர் அறுநூறு பேருக்குப் பேசுவது போலவே பேசினார்.

"அமரர் சீதேவி அம்மையார் பாக்கியவதி. ஏன் சொல்கிறேன் என்றால், எமது சபையின் இந்த ஊர்தியில் பயணிக்கும் அறுபத்தெட்டாவது பயனாளி அவர். பக்கத்துச் சபையின் ஊர்தி இரண்டு வருடத்தில் நாற்பதைத் தாண்டவில்லை. நாங்கள் ஒரே வருடத்தில் அறுபத்தெட்டு. இது சாதனை. நூறு வரும்போது பெருவிழா எடுக்க உத்தேசித்திருக்கிறோம். அதற்குப் பொதுமக்கள் தொடர்ந்து ஒத்துழைக்க வேண்டும் என்று இந்த வேளையில்..."

நல்லரத்தினத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. சரியாக இரண்டு மணி.

அவர் பச்சையை அமத்தினார். கைக்குள் மகளின் முகம் வந்தது. முக்காடிட்டு, கண் வீங்கி, ஒரு சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா, அம்மாவக் காட்டுங்க. மடம் பக்கத்துலதான் நிக்கிறா. கெதியாக் காட்டுங்க அப்பா."

"இந்தா மகள், இந்தா." அவர் பின்கதவுக்கு ஓடினார். பூட்டு. முத்திரைக் கடதாசி. "தம்பி, இதத் திறங்க."

அருமைநாயகம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோவையிலிருந்த சுற்றுநிருபத்தைப் பார்த்தார்.

"சேருமிடத்தில்தான் திறக்கலாம். இது சேருமிடம் இல்லையே. இடைவழியில் திறப்பதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. அது அலுவலகத்தில் இருக்கிறது. ஆளனுப்பினால் முக்கால் மணித்தியாலத்தில்..."

"அம்மா, அரை மணித்தியாலம்தான் அவளுக்குக் குடுத்திருக்கு."

"வெளிநாட்டிலிருந்தா?" என்று தவிசாளர் முன்னால் வந்தார். "கொடுங்கள், நான் பேசுகிறேன். இது என் கடமை."

போன் கைமாறியது. தவிசாளர் சபையின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். வெளிநாட்டில் உழைக்கும் பெண்கள்தான் நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்றார். அவர்கள் அனுப்பும் டொலர் இல்லாவிட்டால் இந்த ஊர்தியைக்கூட வாங்கியிருக்க முடியாது, அந்த வகையில் உங்கள் தாயார் உங்கள் உழைப்பிலேயே பயணிக்கிறார் என்றார். மகளின் குரல் இடையில், "ஐயா, அம்மாவ... ஐயா..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்றும் தவிசாளர் விசாரித்தார். போன் நல்லரத்தினத்தின் கைக்குத் திரும்பி வந்தபோது இரண்டு மணி பதினாறு நிமிடம்.

அருமைநாயகம் சாவியை எடுத்தார். முத்திரைக் கடதாசியை நகத்தால் கிழித்தார்.

"அருமைநாயகம்!" என்றார் செயலாளர் அம்மா.

"நாலு மாசம் மிச்சம் இரிக்கி அம்மா. இன்னும் ஒரு நாப்பது மாசம் சேத்து வெட்டுங்க."

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெக்கை அடித்தது. முனாப்பும் அருமைநாயகமும் பெட்டியின் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இறங்கித் தள்ளிப் போய் நின்றார்கள். நிலோஜனும் முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர்களால் செய்ய முடிந்த மரியாதை அது.

நல்லரத்தினம் உள்ளே ஏறிக் குந்தினார். போனைச் சீதேவியின் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணீரில் அவருக்குப் பெட்டியும் தெரியவில்லை, போனும் தெரியவில்லை.

"பார் மகள். அம்மாவப் பார். நித்திர கொள்ளுறாப்போல... பாத்தியா?"

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரியிதா மகள்?"

"தெரியிது அப்பா."

"வடிவாத் தெரியிதா? இன்னும் கிட்டக் கொண்டு போகட்டா?"

"வடிவாத் தெரியிது. அப்பா, அழாதங்க அப்பா."

"நான் அழல்ல. நீ அம்மாவப் பார். நல்லாப் பாத்துக்க கிளி. இனி ஏலாது."

"பாக்கன் அப்பா. பாத்துத்துத்தான் இரிக்கன்."

அவர் போனை மெல்ல மெல்ல நகர்த்தி, கை, கால் எல்லாம் காட்டினார். மகள் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றாள். இரண்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கையில் யாரோ அரபியில் பேசுவது கேட்டது. கைக்குள் இருந்த வெளிச்சம் அணைந்தது.

வெளியே குழு தன் முடிவுக்கு வந்திருந்தது. மிகக் குறைந்த விலை சந்தேகத்துக்குரியது, மிகக் கூடிய விலை மக்கள் பணத்தை விரயமாக்குவது, ஆகவே நடுவிலுள்ளதைத் தெரிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். "நடுநிலை தவறாத சபை என்று பெயர் எடுத்தவர்கள் நாங்கள்," என்றார் தவிசாளர். ஆனால் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வேலைக்கு அனுமதி கொடுக்க இந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நிலோஜன் அதை வாசித்து முடித்துவிட்டு, நல்லரத்தினம் இருந்த பக்கம் பார்க்காமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வட்டையிலிருந்து நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று ரோட்டில் ஏறியது. முனாப் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். ஓட்டி வந்தவனிடம் இரண்டு வார்த்தைதான் சொன்னார். அவன் இறங்கி வந்தான். சாரத்தை மடித்துக் கட்டினான்.

பெட்டியை மூடி, அவனும் முனாப்பும் அருமைநாயகமும் நல்லரத்தினமுமாகத் தூக்கினார்கள்.

செயலாளர் அம்மா உண்மையாகவே பதறினார். "இடைவழியில் இறக்கினால் பயணம் பூர்த்தியானதாகக் காட்ட முடியாது. அறுபத்தெட்டாவது என்று தீர்மானத்தில் எழுதியாகிவிட்டது. ஐயா, நில்லுங்கள்!"

நல்லரத்தினத்தின் தோளில் பெட்டியின் முனை இருந்தது. அவர் அன்றைக்கு முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"இவ உங்கட அறுபத்தெட்டாவது ஆள் இல்ல அம்மா. இவ சீதேவி. நான் இவவ ஊட்ட கூட்டித்துப் போறன்."

பெட்டியை மூட்டைகளின் மேல் வைத்தார்கள். அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முனாப் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். ஊருக்குப் போய்ச் சேர மூன்றரை ஆனது. வாசலில் காத்து நின்ற தனுஷா, "மாமா, அக்கா எடுத்தவவா?" என்று கேட்டாள். "எடுத்தாள். பாத்தித்தாள்," என்றார். ஐந்தரைக்குக் குழி மூடினார்கள். கடைசி மண் விழும்வரை முனாப் வேலியோரம் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

முப்பத்தோராம் நாள் கழிந்து சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அமரர் பயணம் பூர்த்தியாகாமை தொடர்பாக' என்று தலைப்பு. நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும்.

அவர் செவ்வாய்க்கிழமை போனார். சபை வளவுக்குள் அமரர் ஊர்தி நாலு கல்லின் மேல் நின்றது. மேலிடம் மூன்று விலைமனுவும் பழையதாகிவிட்டன என்று திருப்பி அனுப்பியிருந்ததாம். புதிதாக மூன்று எடுத்தார்கள். முதலாவதன் விலை இப்போது ஆறு லட்சம். அருமைநாயகத்தை இடைநிறுத்தியிருந்தார்கள். இதையெல்லாம் நிலோஜன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று இரகசியமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஐயா, முனாப் காக்கா உட்டுத்துப் போன அந்த டியூப் துண்டு இன்னும் என்ட மேச லாச்சிக்குள்ளதான் கிடக்கு," என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை போலிருந்தது.

செயலாளர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நல்லரத்தினத்தைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். நாலு பக்கப் படிவம்.

"கேள்வி பதின்மூன்று மட்டும் பாக்கி. ஊர்தியிலிருந்து இறக்கியபோது அமரர் நல்ல நிலையில் இருந்தாரா? ஆம் என்றால் ஆம். இல்லை என்றால் இல்லை. பொருத்தமில்லாததை வெட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்."

நல்லரத்தினம் பேனையைப் பிடித்தபடி அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தக்ஷாயினி. இது வெறும் குரல் அழைப்பு.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஓம் மகள்."

"அப்பா, ஒண்டு கேக்கணும். கனநாளாக் கேக்க நினைச்சன்." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவுக்கு எந்தச் சீலை கட்டினீங்க?"

"என்ன மகள் கேக்காய்? நீதான் பாத்தாய்தானே?"

போனில் மூச்சு மட்டும் வந்தது.

"தக்ஷா?"

"இல்ல அப்பா. நான் பாக்கல்ல." அவள் மெல்லச் சொன்னாள். "நீங்க போன் கமராவ மற்றப் பக்கம் மாத்தல்ல. அவ்வளவு நேரமும் உங்கட முகம்தான் தெரிஞ்சிது. உங்கட முகமும் மேல வண்டிர கூரையும். நீங்க அழுதழுது பார் பார் எண்டு சொல்லக்குள்ள, தெரியல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல அப்பா."

நல்லரத்தினம் பேனையைப் படிவத்தின் மேல் வைத்தார்.

"இங்கே போன் பேசக்கூடாது," என்று செயலாளர் அம்மா சுவரிலிருந்த அறிவித்தலைக் காட்டினார்.

அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் எழும்பவில்லை. கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"பச்சச் சீல மகள். மஞ்சள் கரை. நீ முதல் சம்பளத்துல அனுப்பினது. கட்டாம வெச்சிருந்தா, நீ வரக்குள்ள கட்டுறன் எண்டு. அதத்தான் மாமி கட்டிவிட்டா. தலைய நடு உச்சி பிரிச்சி வாரி இரிந்திச்சு. நெத்தியில பெரிய பொட்டு. நாடிக்குச் சீலத்துண்டு கட்டியிருந்த, அது அவவுக்குக் கோவம் வந்து வாயப் பொத்தித்து இருக்கிறாப்போல..."

"கண்ணு மூடியிருந்திச்சா அப்பா?"

"இடது கண்ணு ஒரு துளி திறந்திருந்திச்சு. நான் ரெண்டு தரம் தடவி மூடினன். மூடல்ல."

செயலாளர் அம்மாவின் விரல் அறிவித்தலிலிருந்து இறங்கி, பதின்மூன்றாம் கேள்வியின் மேல் வந்து நின்றது.

"கை?" என்றாள் மகள்.

"கை ரெண்டையும் நெஞ்சில வெச்சிருந்த. வலக்கையில ஊசி போட்ட இடம் நீலமாயிருந்திச்சு. காப்பு கழட்ட வரல்ல, அப்படியே உட்டுத்தம்."

"காலையும் சொல்லுங்க அப்பா," என்றாள் தக்ஷாயினி. "கெதியாச் சொல்ல வேணாம். இண்டைக்கு மடம் வெளிய போயித்தா. எனக்கு நேரம் இரிக்கி."

அவர் சீதேவியின் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.